ஹெட்செட் கெடவில்லை, இன்னும் அம்மாவின் போனோடுதான் இருக்கிறது

தாராவி 90 அடி சாலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, புதிதாக ஒரு வயர்லெஸ் நெக்பேண்ட் வாங்கினேன். வாங்கிய அன்றைக்கு அம்மாவின் போனில் போட்டுப் பார்த்தோம், நன்றாகப் பாடியது. இப்போது என் போனில் எவ்வளவு தேடினாலும் பெயரே வருவதில்லை. எப்போதாவது கனெக்ட் ஆனால் பாட்டு கேட்கிறது, ஆனால் யாராவது கூப்பிட்டால் சத்தம் போனிலேயே வருகிறது. மாஹிமில் லோக்கல் ரயில் ஏறினால் தாதர் வருவதற்குள் விட்டு விட்டுக் கேட்கிறது. கடையில் கேட்டால் செட் போய்விட்டது, வேறு வாங்குங்கள் என்கிறார்கள். அப்படித்தானா?"

அப்படி இல்லை. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளில் ஒன்றுகூட செட் போனதற்கு அடையாளம் கிடையாது. மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன, மூன்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மொபைல் பழுது பார்ப்பதுதான் என் தொழில். வேலை செய்யவில்லை என்று மேசைக்கு வரும் வயர்லெஸ் ஹெட்செட்டுகளில் நிறைய, திருப்புளி தொடாமலே சரியாகித் திரும்பிப் போகின்றன. நல்ல பொருளை ஓரமாகப் போட்டுவிட்டு சம்பளக் காசில் இன்னொன்று வாங்குகிறார்களே என்று மனது கேட்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேரிங் வேறு, கனெக்ட் ஆவது வேறு. புதிதாக அறிமுகமான ஒருவரிடம் நம்பர் வாங்கிச் சேமித்துக்கொள்வது பேரிங் என்றால், பிறகு வேண்டும்போதெல்லாம் அந்த நம்பருக்குக் கூப்பிடுவது கனெக்ட். பேரிங் ஒரு போனுக்கு ஒரு தடவை நடந்தால் போதும். அந்த ஒரு தடவையில் போனும் ஹெட்செட்டும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கி, ஆளுக்கொரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. மறுநாள் ஹெட்செட்டை ஆன் செய்யும்போது அது சுற்றியிருக்கிற எல்லா போனுக்கும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஏற்கெனவே சாவி வைத்திருக்கும் போனை, பெரும்பாலும் கடைசியாக இணைந்திருந்த போனைத் தேடிக் கூப்பிடுகிறது. அந்த போன் பதில் சொல்லிவிட்டால் அதோடு சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு புது போன் எதுவும் எத்தனை முறை தேடினாலும் இதன் பெயர் பட்டியலில் வராது.

உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். நெக்பேண்டுக்கு முதலில் தெரிந்த போன் அம்மாவுடையது. அதில் புளூடூத் ஆன் ஆகவே கிடக்கிறது, ஒரு தடவை போட்டதை யார் போய் அணைக்கிறார்கள்? சாதாரண ஹெட்செட்டின் எட்டும் தூரம் சுமார் 10 மீட்டர். நம் பக்கத்து வீடுகளில் கீழே ஓர் அறை, ஏணி ஏறினால் மேலே ஓர் அறை. வீடு முழுவதுமே அந்த 10 மீட்டருக்குள் அடங்கிவிடும். நீங்கள் மேலே உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்க, நெக்பேண்ட் கீழே அடுப்புப் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் போனோடு சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். எப்போதாவது உங்கள் போனில் கனெக்ட் ஆனது என்றீர்களே, அன்றைக்கு அம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பார். அது எப்படி முடியும் என்று கேட்டால், அதற்கு முன்னால் ஏதோ ஒரு நேரத்தில் உங்கள் போனோடும் பேரிங் நடந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகும் அம்மாவின் போன் அருகில் இருந்தால் அது முந்திக்கொள்ளும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அம்மாவின் போனில் புளூடூத்தை அணையுங்கள். டிவியிலோ லேப்டாப்பிலோ தம்பி போனிலோ போட்டுப் பார்த்திருந்தால் அவற்றிலும் அணையுங்கள். நெக்பேண்டை முழுவதும் ஆஃப் செய்யுங்கள். காதில் வைக்கும் இரண்டு முனையும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை என்றால் அவற்றைப் பிரித்து வையுங்கள். பல மாடல்களில் முனைகள் ஒட்டினாலே செட் ஆஃப் ஆகிவிடும், அது தெரியாமல் மேசை மேல் ஒட்டியபடியே வைத்துக்கொண்டு பட்டனோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. இனி பவர் பட்டனை அழுத்துங்கள். விளக்கு எரியும், பவர் ஆன் என்று ஒரு குரல் வரும். எல்லோரும் இந்த இடத்தில்தான் விரலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். அழுத்தியது அழுத்தியபடியே இன்னும் சில விநாடி இருங்கள். நீலமும் சிவப்பும் மாறி மாறி வேகமாக மின்னத் தொடங்கும், சில மாடல்களில் வெள்ளை விளக்கு படபடக்கும், பேரிங் என்று குரலும் வரும். அப்போதுதான் அது புது போன்களுக்குத் தன்னைக் காட்டுகிறது. சில விநாடிக்கு ஒரு தடவை மெதுவாக நீலம் மட்டும் மின்னினால் அது பேரிங் நிலை இல்லை, செட் ஆன் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். சில மாடல்களில் பவர் பட்டனுக்குப் பதிலாக நடு பட்டனையோ, சத்தம் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்தோ அழுத்த வேண்டியிருக்கும். பெட்டிக்குள் நாலாக மடித்து ஒரு சின்னத் தாள் இருக்குமே, அதில் முதல் படமே இதற்கானதுதான். பெட்டியைக் குப்பையில் போடும்போது பலர் அந்தத் தாளையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

காதுக்குள் தனித்தனியாக வைக்கும் பட்ஸ் வகை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வாங்கியதும் இரண்டு பட்ஸையும் கேஸிலிருந்து வெளியே எடுத்து, அடியில் பொன்னிறப் புள்ளிகள் இருக்கும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சார்ஜ் ஏறும் முனைகள் அவை. கடையில் இருக்கும்போதே சார்ஜ் இறங்கிப் போகாமல் இருக்க அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். அதை உரிக்காமல் கேஸில் வைத்தால் எத்தனை மணி நேரம் போனாலும் சார்ஜ் ஏறாது, பேரிங்கும் ஆகாது. ஒரு பக்கம் மட்டும் உரித்துவிட்டு, ஒரு காது மட்டும் கேட்கிறது என்று கொண்டுவருபவர்களும் உண்டு. ஸ்டிக்கரை எடுத்துவிட்டு இரண்டையும் கேஸில் வைத்து மூடி, கேஸையும் நன்றாகச் சார்ஜ் செய்த பிறகு மூடியைத் திறந்தால் பல மாடல்கள் தானாகவே பேரிங் நிலைக்குப் போய்விடும். போகாவிட்டால் கேஸின் பின்னாலோ அடியிலோ இருக்கும் பட்டனை விளக்கு படபடக்கும் வரை அழுத்த வேண்டும்.

இனி போன் பக்கம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் போய் கனெக்டட் டிவைசஸ், அதற்குள் பேர் நியூ டிவைஸ் என்பதைத் தொடுங்கள். சில கம்பெனி போன்களில் நேராகப் புளூடூத் என்றே இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், புளூடூத். அந்தத் திரை திறந்திருக்கும்போதுதான் போன் புதியவற்றைத் தேடும். மேலிருந்து இழுத்துப் புளூடூத் குறியைத் தட்டிவிட்டுக் காத்திருந்தால் பழைய ஹெட்செட்டுகள் வந்து சேரும், புதியது வராது. பேரிங் நிலையும் சில நிமிடத்தில் தானாக முடிந்துவிடும், ஆகவே முதலில் போனில் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்புறம் நெக்பேண்ட் பட்டனை அழுத்துவது வசதி.

பட்டியலில் அக்கம் பக்கத்து டிவி, வாட்ச், ஸ்பீக்கர் எல்லாம் வரும். ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய குடியிருப்பில் பத்துப் பதினைந்து பெயர் வருவது சகஜம். உங்கள் செட்டின் மாடல் பெயர் பெட்டி மேல் இருக்கும், அதைப் பார்த்துத் தொடுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்து, ஒன்றின் முன்னால் எல்இ என்று சேர்ந்திருந்தால் எல்இ இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். எல்இ என்பது குறைந்த மின்சாரத்தில் ஓடும் இன்னொரு வழி, பல ஹெட்செட்டுகளில் அது செயலியோடு பேசுவதற்காக மட்டும் வைத்தது, அதில் இணைத்தால் பாட்டு வராது. பழைய வகை செட் நான்கு இலக்க எண் கேட்டால் 0000 போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் 1234. 2007-ல் வந்த புளூடூத் 2.1-க்குப் பிறகு ஹெட்செட்டுகளுக்குப் பொதுவாக இந்த எண் தேவைப்படுவதில்லை. தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் பார்க்க அனுமதி கேட்டு ஒரு கட்டம் வரும். யார் கூப்பிடுகிறார்கள் என்று ஹெட்செட் பெயர் சொல்ல வேண்டுமானால் கொடுங்கள், வேண்டாமென்றால் டிக்கை எடுத்துவிடுங்கள். பாட்டுக்கும் பேச்சுக்கும் அது தேவையே இல்லை. அப்புறம், நீங்கள் எதையும் தேடாதபோது உங்கள் போனில் பேரிங் கேட்டு ஒரு பெட்டி எழுந்தால், ரயிலில் குறிப்பாக, வேண்டாம் என்றே தொடுங்கள்.

இவ்வளவு செய்தும் பெயர் பட்டியலில் இருக்கிறது, தொட்டால் கனெக்ட் ஆகவில்லை என்று வந்தால் பெரும்பாலும் சாவி பொருந்தாத கதை. இதைக் கடைக்காரர்கள்கூடச் சரியாகச் சொல்வதில்லை, அதனால் கவனமாகப் படியுங்கள். ரகசியச் சாவியின் பிரதி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நீங்கள் ஹெட்செட்டை ரீசெட் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதனிடம் இருந்த சாவிகள் எல்லாம் அழிந்துவிட்டன. ஆனால் போனுக்கு அது தெரியாது, பழைய சாவியை வைத்துக்கொண்டு பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் ஹெட்செட் மறுத்துவிடும். இதே மாதிரி, ஹெட்செட்டுகள் குறிப்பிட்ட சில சாவிகளைத்தான் நினைவில் வைக்கும். வீட்டில், ஆபீஸில், நண்பர்களிடம் என்று நிறைய போன்களில் போட்டால் பழையது ஒன்று தள்ளப்பட்டுவிடும். அதற்கு வழி, போனில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரக் குறியையோ ஐ என்ற எழுத்தையோ தொட்டு ஃபர்கெட் என்பதைக் கொடுத்துவிட வேண்டும். போன் தன் பிரதியை அழித்துவிடும். அதன் பிறகு ஹெட்செட்டையும் ரீசெட் செய்து, புதிதாகவே பேரிங் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்துவிட்டு இன்னொரு பக்கத்தை விட்டுவிடுவதால்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ரீசெட்டுக்கு எந்தப் பட்டன் என்பது அந்த மடித்த தாளில் இருக்கும்.

அம்மாவும் நீங்களும் ஒரே நெக்பேண்டைப் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் எதையும் அழிக்க வேண்டாம். அவர் கேட்டு முடித்ததும் அவர் போனில் புளூடூத்தை அணைக்கச் சொல்லுங்கள், போதும். மல்டிபாயின்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும் செட்டுகள் ஒரே நேரத்தில் இரண்டு சாதனத்தோடு சேர்ந்திருக்கும். ஆபீஸ் லேப்டாப்பும் போனும் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் லேப்டாப்பில் ஏதாவது ஒரு அறிவிப்பு மணி அடித்தாலும் போனில் ஓடும் பாட்டை அது பிடுங்கிக்கொள்ளும், அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அடுத்தது, பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை என்பது. புளூடூத்தில் பாட்டும் போன் பேச்சும் ஒரே வழியில் போவதில்லை. பாட்டுக்கு ஒரு ஏற்பாடு, பேச்சுக்கு ஒரு ஏற்பாடு, இரண்டையும் தனித்தனியாக ஆன் ஆஃப் செய்யலாம். ஆண்ட்ராய்டில் ஹெட்செட் பெயருக்குப் பக்கத்துப் பற்சக்கரக் குறியைத் தொட்டால் மீடியா ஆடியோ, போன் கால்ஸ் என்று இரண்டு சுவிட்ச் தெரியும். உங்கள் போனில் போன் கால்ஸ் அணைந்திருக்க வாய்ப்பு அதிகம். போட்டுவிட்டு யாரையாவது கூப்பிடச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் சத்தம் போனில் வந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஸ்பீக்கர் குறியைத் தொடுங்கள். போன், ஸ்பீக்கர், ஹெட்செட் என்று பட்டியல் விரியும், அதில் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் அக்சஸிபிலிட்டி, டச், அதற்குள் கால் ஆடியோ ரூட்டிங் என்று இருக்கும். அதை ஆட்டோமேட்டிக் என்றோ புளூடூத் ஹெட்செட் என்றோ வையுங்கள்.

சாதாரண அழைப்பு சரியாக வருகிறது, வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் போனிலேயே கேட்கிறது என்றால் அது அனுமதிப் பிரச்சினை. ஆண்ட்ராய்டு 12 முதல் புளூடூத் சாதனங்களைத் தொட ஒவ்வொரு செயலிக்கும் நியர்பை டிவைசஸ் என்று தனி அனுமதி வேண்டும். முதல் தடவை கேட்டபோது அவசரத்தில் வேண்டாம் என்று தட்டியிருப்பீர்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ், வாட்ஸ்அப், பெர்மிஷன்ஸ் போய் அதைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

இதையொட்டி இன்னொன்று. பாட்டு அருமையாகக் கேட்கும் அதே ஹெட்செட்டில் போன் பேசினாலோ மீட்டிங்கில் சேர்ந்தாலோ சத்தம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஹெட்செட்டைத் திட்டாதீர்கள். பாட்டு ஒரு பக்கமாக மட்டும் போகிறது, அதனால் சத்தத்தை நொடிக்கு 44,100 தடவையோ அதற்கு மேலோ அளந்து எடுத்து இரண்டு காதுக்கும் தனித்தனியாக அனுப்ப முடிகிறது. பேச்சு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போய் வர வேண்டும். அதற்காக வைத்த பழைய ஏற்பாட்டில் நொடிக்கு 8,000 தடவை, கொஞ்சம் புதியதில் 16,000, அதுவும் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம். மைக் திறந்திருக்கும் வரை இந்த நிலைதான். விளையாட்டில் குரல் அரட்டை ஓடினாலும் பின்னணி இசை கெட்டுப்போவதற்கு இதுவே காரணம். 2020-ல் அறிவித்த எல்இ ஆடியோ என்ற புது ஏற்பாடு இந்தக் குறையைத் தீர்க்கிறது, ஆனால் போனும் ஹெட்செட்டும் இரண்டுமே அதை அறிந்தவையாக இருக்க வேண்டும். லேப்டாப்பில் மீட்டிங் என்றால் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, கேட்பதற்கு மட்டும் ஹெட்செட்டை வைத்தால் சத்தம் தெளிவாகிவிடும்.

இப்போது ரயிலுக்கு வருவோம். மும்பையில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை, வேடிக்கையும் இதில்தான் இருக்கிறது. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். இந்தியாவில் இந்த அலைவரிசைக்கு 2005 முதல் உரிமம் தேவையில்லை, குறைந்த சக்தியில் யாரும் பயன்படுத்தலாம். அதனால் வைஃபையும் இங்கேதான், கம்பியில்லா மவுஸும் இங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் இங்கேதான். இந்த நெரிசலில் புளூடூத் எப்படிப் பிழைக்கிறது என்றால், அந்த அலைவரிசையை 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 தடவை தடம் மாறிக்கொண்டே இருக்கிறது. எந்தத் தடத்தில் எந்த நேரம் என்பது உங்கள் போனுக்கும் உங்கள் ஹெட்செட்டுக்கும் மட்டும் தெரிந்த வரிசை. 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, எந்தத் தடங்களில் வைஃபை உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து அவற்றைத் தவிர்த்துவிட்டு மிச்சத்தில் தாவவும் கற்றுக்கொண்டது. ஆனால் எவ்வளவு தவிர்த்தாலும் குறைந்தது 20 தடங்களையாவது அது பயன்படுத்தியாக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு சர்ச்கேட் போகும் லோக்கலின் ஒரு பெட்டியில் எத்தனை பேர் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று பாருங்கள். அத்தனையும் அதே 79 தடங்களில்தான் தாவிக்கொண்டிருக்கின்றன. மோதுவதைத் தவிர்க்க முடியாது.

அதைவிடப் பெரிய காரணம் ஆட்களின் உடம்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும், மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். போன் பேண்ட்டின் பின் பாக்கெட்டில் இருந்தால் அலை உங்கள் உடம்பையே சுற்றிக்கொண்டு காதுக்கு வர வேண்டும். கூட்டமில்லாத பெட்டியில் அது சுவரில் பட்டு, கூரையில் பட்டு எப்படியாவது வந்துவிடும். தாதரில் நாலு பக்கமும் ஆள் நெருக்கி ஏறியதும் அந்தச் சுற்று வழிகளும் அடைபட்டுப் போகின்றன. தாதர் வருவதற்குள் விட்டு விட்டுக் கேட்கிறது என்று எழுதியிருந்தீர்களே, மாட்டுங்கா ரோடு தாண்டியதும் இறங்குபவர்கள் வாசலுக்கு நெருக்குவார்கள், அந்த நேரம்தான் அது. தலைக்கு மேல் போகும் மின் கம்பிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட், உண்மைதான், ஆனால் அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். புளூடூத் இருப்பது 240 கோடி ஹெர்ட்ஸில். கம்பியை விடக் கூட்டத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

என்ன செய்யலாம்? மும்பையில் எல்லோரும் கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வார்கள். போனை அந்தப் பையின் மேல் அறையில் வையுங்கள், நெஞ்சுக்கு நேராக. நெக்பேண்ட் கழுத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் தூரம், நடுவில் யாரும் இல்லை. இதை மட்டும் செய்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பட்ஸ் போடுபவர்கள் எந்தப் பக்கத்து பட் மற்றதைவிட அடிக்கடி விடுகிறது என்று கவனித்து, போனை அந்தப் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் எல்டிஏசி என்ற உயர்தரக் குறிமுறை (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) ஆன் ஆகியிருந்தால் பயணத்தின்போது அதை அணைத்துவிடுங்கள். அது நொடிக்கு 990 கிலோபிட் வரை கொண்டுபோகப் பார்க்கும், நெரிசலில் அத்தனைக்கும் வழி கிடைக்காது. சாதாரணக் குறிமுறைகளான ஏஏசி அல்லது எஸ்பிசி போதும், லோக்கல் இரைச்சலில் வித்தியாசம் காதுக்குத் தெரியவே தெரியாது. ஹெட்செட்டுக்குச் சொந்த செயலி இருந்தால் அதில் இணைப்புக்கு முன்னுரிமை என்ற தேர்வு இருக்கும், அதை வையுங்கள். வீட்டிலும் விட்டு விட்டுக் கேட்டால் போனின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள், 2.4-ல் கொஞ்சம் இடம் காலியாகும்.

வெளிச் சத்தத்தை அடைக்கும் வசதி உள்ள ஹெட்செட் போட்டிருப்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பிளாட்பாரத்தில் நிற்கும்போது அதை அணைத்துவிடுங்கள். தண்டவாளப் பக்கம் நடக்கும் கட்டாயம் வந்தால் காதில் இருப்பதையே கழற்றிவிடுங்கள். நிற்காத ஃபாஸ்ட் வண்டி வரும் சத்தம் உங்களுக்குக் கேட்டாக வேண்டும்.

மழைக்காலத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் வியர்வை, தூறல், தெறிக்கும் தண்ணீர் வரை தாங்கும் என்று பொருள். ஜூலை மழையில் நனைந்தபடி நடப்பதற்கு அது போதாது. பட்ஸின் கேஸுக்குப் பல மாடல்களில் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. நனைந்தால் உடனே சார்ஜில் போடாதீர்கள். நெக்பேண்ட் என்றால் சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து, பட்ஸ் என்றால் கேஸுக்கு வெளியே, ஃபேனுக்குக் கீழே நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தோடு சார்ஜ் ஏற்றினால் அந்தப் பொன்னிற முனைகளில் பச்சை படியத் தொடங்கும், ஒரு பக்கம் சார்ஜ் ஏறாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். லேசான படிவு என்றால் காய்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தாலே போய்விடும். ஊசி, பிளேடு வேண்டாம்.

ஒரு காது மட்டும் கேட்கிறது என்றால் ரீசெட் செய்வதற்கு முன் சார்ஜ் பாருங்கள், முனைகளைத் துடையுங்கள், காதில் வைக்கும் வலையில் அழுக்கு அடைத்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் போனில் அக்சஸிபிலிட்டிக்குள் இடது வலது சத்தத்தைப் பிரிக்கும் கோடு ஒன்று இருக்கும், அது நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் குழந்தைகள் கையில் போன் போகும் வீடுகளில் அது ஓரத்துக்குப் போயிருக்கும்.

மேலே சொன்ன எல்லாம் செய்து, வேறு ஒரு போனிலும் புதிதாகப் பேரிங் செய்து பார்த்து, அதிலும் அதே தொல்லை வந்தால் மட்டும் செட்டில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேறு போனில் ஒழுங்காக ஓடினால் குறை உங்கள் போனில். அப்போது ஆண்ட்ராய்டில் ரீசெட் ஆப்ஷன்ஸுக்குள் புளூடூத்தையும் வைஃபையையும் மட்டும் ரீசெட் செய்யலாம். படங்கள், மெசேஜ்கள் எதுவும் போகாது, வைஃபை பாஸ்வேர்டுகளை மறுபடி போட்டு, புளூடூத் சாதனங்களையும் மறுபடி பேரிங் செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியில் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்று வந்தால், தாதர் ஸ்டேஷன் வெளியே துணி விரித்து வைத்திருப்பதில் எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காசு இல்லாதபோது அதுவும் ஒரு வழிதான். பெரிய கம்பெனி பெயரை அச்சடித்த போலியை அசல் விலைக்குப் பக்கத்தில் கொடுத்து வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். பெட்டியில் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளர், எந்தப் பொருள் என்று காட்டும். கடையிலேயே நின்று பார்த்துவிடலாம்.

உங்கள் நெக்பேண்டுக்கு இன்னும் வாரண்டி இருக்கும். விலை குறைந்த செட்டுகளை கம்பெனிகள் பெரும்பாலும் பிரித்துப் பழுது பார்ப்பதில்லை, மாற்றிக் கொடுப்பார்கள். அதற்குத் தேதி போட்ட பில்லும் செட்டின் சீரியல் எண்ணும் வேண்டும். பில் தாள் வெயிலில் வெளுத்து எழுத்தே இல்லாமல் போய்விடும், இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தெருக் கடையில் திறந்து பார்க்கக் கொடுத்துவிட்டால் அந்த வாரண்டி போய்விடும், ஆகவே முதலில் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.